மட்கும் நெகிழியும் மலையூர் மண்ணும்

(திருவிழாச் சிறப்புச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழாக் காலத்தில் ஆலயங்களில் நிகழும் அறங்கள் பலவற்றுள்ளும் முதன்மையானது அன்னதானம். விடியற்காலை முதலே தொண்டர்கள் அடுப்படியில் நின்று பாடுபடுகின்றனர். அரிசி யார் தருவது, காய்கறி யார் தருவது, பந்தியில் யார் பரிமாறுவது என்பனவெல்லாம் பல வாரங்களுக்கு முன்பே கூட்டத்தில் பேசி முடிவு செய்யப்படுகின்றன. ஆயினும் ஒரு வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. உண்டு முடித்த தட்டும், மோர் அருந்திய கோப்பையும், பிரசாதம் கட்டிக் கொடுத்த பையும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பதே அவ்வினா.

அண்மைக் காலத்தில் கடைகளில் பச்சை இலைப் படம் அச்சிட்ட தட்டுகளும் பைகளும் மிகுதியாக விற்பனைக்கு வருகின்றன. "மட்கும் பிளாஸ்டிக்", "இயற்கைக்கு உகந்தது" என்னும் சொற்கள் அவற்றின்மீது பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை வாங்கிவிட்டால் தம் கடமை முடிந்தது என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? வெப்பமான சமவெளியில் சரியாக இருப்பது, கியா பார்ம் போன்ற குளிர்ந்த மலையூரிலும் சரியாக இருக்குமா? இவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலையின் நிலை

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்தார். அவர் பெயராலேயே இது கேமரன் மலை எனப் பெயர் பெற்றது. 1929ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பெற்றது. காட்டைத் திருத்திக் கொழுந்து பறிக்கும் நிலமாக மாற்றியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. பின்னர்க் காய்கறித் தோட்டங்களும், மலர்த் தோட்டங்களும், ஸ்ட்ராபெரித் தோட்டங்களும் பெருகின. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ள கியா பார்ம், இன்று காய்கறிச் சந்தைக்குப் புகழ்பெற்ற ஊராகும்.

இவ்வூரின் சரிவுகளைத் தொலைவிலிருந்து காண்போர்க்கு முதலில் கண்ணிற்படுவது வெண்ணிறப் பிளாஸ்டிக் கூரைகளே. மழையும் வெயிலும் பயிரைத் தாக்காவண்ணம் பாலிஎத்திலீன் விரிப்பால் அமைக்கப்பட்ட கூடாரங்கள் அவை. அவை இன்றேல் இன்றைய காய்கறி வேளாண்மை நடைபெறுவது அரிது. எனினும் ஒவ்வொரு விரிப்பும் சில ஆண்டுகளில் வெயிலால் நைந்து கிழியும். கிழிந்தது முறையாகச் சேகரிக்கப்படாவிடின், மழைநீரோடு ஓடைக்கே செல்லும்.

மலையில் உள்ளோர் எறியும் எதுவும் மலையிலேயே தங்குவதில்லை. பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங், தானா ராத்தா வழியாக ரிங்லெட் நோக்கி இறங்குகிறது. தெலோம் ஆற்றின் நீரும் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அதனோடு சேர்க்கப்படுகிறது. இவை யாவும் 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தை அடைகின்றன. அந்நீரே மின்சாரமும் ஆகிறது. ஆனால் நீரோடு வண்டலும் குப்பையும் சேர்ந்தே வருவதால், பல்லாண்டுகளாக அத்தேக்கத்தைத் தூர்வார வேண்டியிருக்கிறது.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பெய்த பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதும், பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்ததும் இம்மலை மக்கள் மறக்கவியலாத நிகழ்ச்சியாகும். அதற்குப் பிளாஸ்டிக்கே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. கனமழை, காடழிப்பு, மண்ணரிப்பு, தேக்கத்தில் படிந்த வண்டல் எனக் காரணங்கள் பல. ஆயினும் ஓர் உண்மை அன்று தெளிவாயிற்று. மேலே வாழ்வோரின் செயலுக்குக் கீழே வாழ்வோர் விலை கொடுக்க நேரிடும் என்பதே அது.

நெகிழி ஏன் மட்குவதில்லை?

பிளாஸ்டிக் எனப்படும் நெகிழி, சிறு சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியாகும். இயற்கையிலும் இத்தகைய சங்கிலிகள் உண்டு. பஞ்சின் நார், அரிசியின் மாவுப்பொருள், பட்டு, ரப்பர் ஆகிய யாவும் சங்கிலிகளே. இவற்றை அறுத்து உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணில் வாழ்கின்றன. பாலிஎத்திலீனோ 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அச்சங்கிலியை எளிதில் அறுக்கும் கருவி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிடம் இல்லை. எனவே அது மட்காது, வெயிலில் நொறுங்கும். நொறுங்கிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். ஆயினும் அவை அழிவதில்லை.

2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டனர். 2015ஆம் ஆண்டு வரை உலகில் உற்பத்தியான நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன். அவற்றுள் 630 கோடி டன் கழிவாயிற்று. அக்கழிவில் மறுசுழற்சி செய்யப்பட்டது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடும் குப்பைமேடுகளிலோ திறந்த வெளியிலோ கிடக்கிறது.

இயற்கைச் சங்கிலிப் பொருள்களின் அருமையை மலேசியத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பால்மரம் வெட்டி வளர்ந்த சமுதாயம் இது. கோப்பையில் வடிந்த ரப்பர்ப் பால், உலகின் வாகனங்களுக்கெல்லாம் சக்கரமாயிற்று. அதற்கும் முன்னர், மலாயாக் காடுகளில் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பாலின் மாதிரியை 1843ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி இலண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் அப்பொருள், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. இன்றைய நெகிழி செய்யும் வேலையை அன்று செய்தது அதுவே.

ஆனால் அதன் முடிவு வருந்தத்தக்கது. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தமையால், 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அம்மரங்கள் காடுகளில் அருகிப் போயின. பொருள் இயற்கையானது என்பதால் மட்டும் அதனைப் பயன்படுத்தும் முறை அறமாகிவிடாது என்பதற்கு இம்மண்ணிலேயே கிடைத்த சான்று இது. இதனை நினைவிற்கொண்டு இனிப் புதிய பொருள்களைக் காண்பது நலம்.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

"மட்கும் பிளாஸ்டிக்" என்னும் பெயரில் விற்கப்படுவன யாவும் ஒன்றல்ல. அவற்றை மூவகையாகப் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை, ஆக்சோ வகை நெகிழி. இது வழக்கமான பாலிஎத்திலீனே. வெயிலும் காற்றும் பட்டு விரைவில் உடையும்படி சில உலோக உப்புகள் அதில் கலக்கப்பட்டிருக்கும். இப்பை சில மாதங்களில் தூளாகிவிடுவதைக் கண்டு அது மட்கிவிட்டது என மக்கள் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு பெரிய குப்பை பல்லாயிரம் சிறு குப்பைகளாக மாறியதே நடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் இவ்வகையைச் சந்தையிலிருந்து விலக்கியது.

இரண்டாம் வகை, பாலிலாக்டிக் அமிலம் எனப்படும் பி.எல்.ஏ. சோளத்தின் மாவுப்பொருளையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலம் எடுப்பர். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலந்தான் இது. அதனைச் சங்கிலியாகக் கோத்தால் கண்ணாடி போன்ற தெளிவான கோப்பை கிடைக்கும். இது தாவரத்திலிருந்து வந்தது, மட்கவும் செய்யும். ஆனால் அதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். அவ்வெப்பத்தில்தான் இறுகிய அதன் சங்கிலி தளர்ந்து, நீரால் அறுபட்டு, நுண்ணுயிர்க்கு உணவாகும்.

மூன்றாம் வகை, பி.எச்.ஏ. எனப்படும் பாலிஹைட்ராக்சி அல்கனோயேட்டு. மனித உடல் கொழுப்பைச் சேமிப்பதுபோல, சில பாக்டீரியாக்கள் உணவு மிகுந்த காலத்தில் தம் உடலுக்குள் இப்பொருளை மணிமணியாகச் சேமித்து வைக்கின்றன. 1920களில் பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் லெமோவான் இதனைக் கண்டறிந்தார். பாக்டீரியா தானே செய்து தானே உண்ணும் பொருள் ஆதலின், மண்ணிலும் கடல்நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் இதனைச் செரிக்க வல்லவை. 1990ஆம் ஆண்டில் இப்பொருளால் செய்த தலைமுடிக் கழுவிப் புட்டி ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆனால் சாதாரண நெகிழியினும் விலை பல மடங்கு மிகுந்தமையால் அம்முயற்சி பரவவில்லை.

மலேசியாவின் பங்கு

இம்மூன்றாம் வகையில் மலேசியாவுக்குத் தனியிடம் உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. சுதேஷ் குமாரும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும் செம்பனை எண்ணெயைப் பாக்டீரியாவுக்கு உணவாக அளித்து பி.எச்.ஏ. உருவாக்கும் ஆய்வைப் பல்லாண்டுகளாக நடத்தி வருகின்றனர். செம்பனை எண்ணெயிலிருந்து மட்கும் நெகிழி செய்வது குறித்து அவர் எழுதிய நூல் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இவ்வாய்வில் வியப்பூட்டும் பகுதி ஒன்றுண்டு. பாக்டீரியாவின் உடலுக்குள் இருக்கும் நெகிழி மணிகளை வெளியில் எடுப்பதற்குப் பொதுவாக வேதிக் கரைப்பான்கள் தேவைப்படும். அவற்றிற்குச் செலவும் மிகுதி, தீங்கும் உண்டு. ஆதலின் உலர்ந்த பாக்டீரியாவை மாவுப்புழுக்களுக்குத் தீனியாக இட்டனர். புழு பாக்டீரியாவின் சத்தைச் செரித்துக்கொண்டு, செரிக்க இயலாத நெகிழி மணிகளைக் கழிவாக வெளியேற்றியது. அதனைக் கழுவித் தூய்மை செய்தால் பயன்படும் பொருள் கிடைத்தது. கொழுத்த புழுவும் கோழி, மீன் ஆகியவற்றிற்குத் தீவனமாகக் கூடும். ஒரு தொழிலின் கழிவு மற்றொரு தொழிலின் மூலப்பொருளாகும் இம்முறையே புதிய உற்பத்தி முறைகள் பலவற்றின் அடிப்படையாகும்.

சிரிம் நிறுவனமும் 2011ஆம் ஆண்டில் ஷா ஆலாமில் இப்பொருளுக்கான சோதனை ஆலை ஒன்றை அமைத்தது. ஜப்பானின் கனேகா நிறுவனம் தாவர எண்ணெயிலிருந்து இவ்வகை நெகிழி செய்யும், ஆண்டுக்கு 5,000 டன் திறனுள்ள ஆலையை 2019ஆம் ஆண்டின் இறுதியில் கட்டி முடித்தது. உலகம் ஆண்டுதோறும் உற்பத்தி செய்யும் கோடிக்கணக்கான டன் நெகிழியோடு ஒப்பிடின் இது சிறு துளியே. எனவே விஞ்ஞானிகள் விரைவில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவர் என்று எண்ணிக் கைகட்டிக் காத்திருப்பதற்கு இடமில்லை.

குளிரில் என்ன நிகழும்?

இப்பொழுது கியா பார்முக்கே திரும்புவோம். "மட்கும்" என்னும் சான்றிதழ் எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை அறிந்தால் உண்மை விளங்கும். ஐரோப்பிய நாடுகளின் இ.என். 13432 என்னும் தர அளவையை எடுத்துக்கொள்வோம். அதன்படி ஒரு பொருள் 12 வாரங்களில் சிதைந்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்காதிருத்தல் வேண்டும். 6 மாதங்களுக்குள் அதன் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாறுதல் வேண்டும். இச்சோதனை நடைபெறும் வெப்பநிலை 58 பாகை. பெருநகரங்களின் பெரிய மட்குரத் தொழிற்சாலைகளில் கிடைக்கும் வெப்பம் அது.

கேமரன் மலையின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 18 பாகைதான். பகலில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகை அளவிற்கு இறங்கும். இம்மண்ணில் பி.எல்.ஏ. கோப்பையைப் புதைத்தால் அது பல ஆண்டுகள் உருமாறாமல் கிடக்கும். சான்றிதழ் பொய்யன்று, கோப்பையும் போலியன்று. சான்றிதழ் சொல்லும் இடம் வேறு, கோப்பை சென்று சேர்ந்த இடம் வேறு. பொருளின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், அது இறுதியில் போய்ச் சேரும் இடத்தையும் கேட்க வேண்டும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்தாகும்.

குளிர்ந்த நிலையில் மட்குவதற்கென வேறு தர அளவைகளும் உள்ளன. வீட்டுத் தோட்ட மட்குரக் குழிக்கென ஆஸ்திரேலியா 2010ஆம் ஆண்டில் ஒன்றை வகுத்தது. வயலில் களை முளைக்காதிருக்க விரிக்கும் மெல்லிய விரிப்பு மண்ணிலேயே மட்குவதற்கென ஐரோப்பா 2018ஆம் ஆண்டில் ஒன்றை வகுத்தது. 2 ஆண்டுகளுக்குள் 90 விழுக்காடு மட்க வேண்டும் என்பது அதன் விதி. ஆயினும் அச்சோதனையும் 20 முதல் 28 பாகை வெப்பத்தில் நடைபெறுவதே. ஸ்ட்ராபெரிப் பாத்திகளுக்கு அத்தகைய விரிப்பை வாங்க எண்ணும் தோட்டக்காரர்கள், முதலில் ஒரு பாத்தியில் இட்டுப் பார்த்த பின்னரே பெருமளவில் வாங்குதல் அறிவுடைமை.

தேயிலை விளையும் மண்ணில் தேநீர்ப் பையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். தேநீர்ப் பைகள் சில முழுமையாக நெகிழி வலையால் ஆனவை; காகிதப் பைகள் பலவற்றிலும் ஓரங்களை ஒட்டுவதற்கு நெகிழி இழை சேர்க்கப்படுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெகிழிப் பை ஒன்றைக் கொதிநிலையை நெருங்கிய நீரில் இட்டால் ஏறத்தாழ 1,160 கோடி நுண்துகள்கள் வெளிவருவதாக 2019ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன்பின் பி.எல்.ஏ. இழைப் பைகள் பரவி வருகின்றன. அவையும் தொழிற்சாலை மட்குரத்திற்கு உரியவையே. தேயிலைத் தூளை வடிகட்டியில் இட்டு வடிப்பது தோட்டப்புறத்து மக்கள் வழிவழியாக அறிந்த முறை. அதற்குப் பையே வேண்டுவதில்லை.

பழைய பொருளும் புதிய உற்பத்தியும்

மட்கும் பொருளைத் தமிழர்க்கு விஞ்ஞானம் வந்துதான் அறிமுகம் செய்ய வேண்டும் என்பதில்லை. வாழையிலை, தையல் இலை, பாக்கு மட்டை, பனையோலை, சணற்பை, மஞ்சட்பை ஆகிய யாவும் மண்ணில் பிறந்து மண்ணிலேயே கலப்பவை. மலாய் மக்களும் சீன மக்களும் பாக்கு மட்டையில் உணவு கட்டிக் கொடுத்த வழக்கம் இந்நாட்டில் இருந்தது. குளிர்ந்த மண்ணிலும் இவற்றை நுண்ணுயிர்கள் உண்ணும். வேகம் மட்டுமே குறையும்.

புதிய உற்பத்தி முறைகள் இப்பழம்பொருள்களுக்குப் புதுவாழ்வு அளித்துள்ளன. உதிர்ந்த பாக்கு மட்டையைக் கழுவி, வெப்ப அச்சில் அழுத்தினால் பசை எதுவுமின்றித் தட்டு உருவாகிறது. கரும்புச் சக்கையையும், செம்பனையின் வெற்றுக் குலையையும் கூழாக்கித் தட்டாக வார்க்கின்றனர். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஈகோவேட்டிவ் நிறுவனம், வேளாண் கழிவில் காளானை வளரவிட்டு, அதன் வேர்போன்ற இழைப்பின்னல் கழிவை இறுகப் பிணைத்ததும் உலர்த்தி, பொலிஸ்டிரீனுக்கு மாற்றான பொதிபொருளைச் செய்தது. காளான் விளையும் கேமரன் மலையில் இளைஞர்கள் சிந்திக்கத்தக்க தொழில் இது.

இவற்றிலும் விழிப்புத் தேவை. எண்ணெய் ஊறாதிருக்கச் சில கூழ்த் தட்டுகளில் புளோரின் கலந்த வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. உணவுக் காகிதங்களில் அவற்றை டென்மார்க் 2020ஆம் ஆண்டில் தடை செய்தது. காகிதக் கோப்பைகள் பலவற்றின் உட்புறத்தில் நெகிழிப் பூச்சு இருக்கும். பாக்கு மட்டையின் இயற்கை வேதிப்பொருள்கள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025ஆம் ஆண்டில் கவலை தெரிவித்தது. ஆதலின் வாங்குமுன் விற்பவரிடம் வினவுவதும், சூடான குழம்பு வகைகளுக்கு வாழையிலையையே கொள்வதும் நன்று.

வழிகாட்டும் தலங்கள்

ஆலயங்கள் மனம் வைத்தால் எத்தகைய மாற்றம் நிகழும் என்பதற்குச் சான்றுகள் பல. திருமலையில் லட்டுப் பிரசாதம் வாங்கும் பக்தர்களுக்கென மட்கும் பைகளை விற்கும் நிலையம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்டது. இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய அப்பைகள் சோள மாவுப்பொருளைக் கொண்டவை. 90 நாள்களில் மட்கும் என அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் பல்லாயிரவர் கூடும் ஒரு தலம் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டால், அப்பொருளுக்குச் சந்தை உருவாகிறது என்பதே இதில் அறிய வேண்டியது.

சபரிமலையில் 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புண்ணியம் பூங்காவனம் இயக்கம், காட்டையும் பம்பையையும் தூய்மையாக வைத்திருப்பதைப் பக்தர்களின் விரதக் கடமைகளுள் ஒன்றாகவே எடுத்துரைத்தது. கான்பூரில் அங்கித் அகர்வால் தொடங்கிய பூல் நிறுவனம், கோயில்களில் கழிந்த மலர்களைச் சேகரித்து ஊதுபத்தி செய்கிறது; தோல் போன்ற பொருளையும் அம்மலர்களிலிருந்து உருவாக்கியுள்ளது.

கேமரன் மலையைப் போன்றே தேயிலை விளையும் நீலகிரியில், 2000ஆம் ஆண்டையொட்டி மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு நெகிழிக்கு எதிரான இயக்கத்தை நடத்தினார். தமிழ்நாடு முழுவதும் ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கிற்று. மலேசியாவில் பினாங்கு மாநிலம் 2011ஆம் ஆண்டு முதல் இலவசப் பைகளை நிறுத்தி, பை ஒன்றுக்கு 20 காசு பெறத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை 2030ஆம் ஆண்டிற்குள் ஒழிக்கும் திட்டவரைவை வெளியிட்டது.

ஏற்கெனவே குவிந்துள்ள நெகிழிக்கும் ஒரு தக்க இடம் கண்டவர் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன். துண்டாக்கிய நெகிழியைச் சூடான சல்லிக் கற்களின்மேல் உருக்கிப் பூசி, அதன்பின் தார் கலந்து சாலை அமைக்கும் முறையை அவர் வகுத்தார். 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. போய்ச் சேரும் இடம் வகுக்கப்பட்டால் சாதாரண நெகிழியும் பயன்படும். அவ்விடம் வகுக்கப்படாவிடின் மட்கும் நெகிழியும் குப்பையே ஆகும்.

ஆலயத்தில் செய்யத்தக்கவை

இவை யாவற்றையும் எண்ணிப் பார்க்குமிடத்து, மலையூர் ஆலயத்திற்குரிய முறை ஒருவாறு தெளிவாகிறது.

முதலிடம் எவர்சில்வர் தட்டுக்கும் குவளைக்கும் உரியது. ஒருமுறை நன்கொடையாக வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும். கழுவுவதற்கு ஆள் வேண்டும் என்பது உண்மை. பரிமாறுவது தொண்டானால், பாத்திரம் கழுவுவதும் அதே தொண்டுதான். கழுவிய நீர் நேரே ஓடைக்குச் செல்லாதவாறு வடிகால் அமைத்தல் வேண்டும்.

இரண்டாமிடம் வாழையிலைக்கு. குளிர்ந்த மலையில் வாழை செழிப்பதில்லை. கீழே சமவெளியிலிருந்துதான் இலை ஏறி வரவேண்டும். முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் அது இயலாததன்று. மூன்றாமிடம் கரும்புச் சக்கைத் தட்டுக்கும் பாக்கு மட்டைத் தட்டுக்கும். மட்கும் நெகிழியை, அதனை ஏற்று மட்கச் செய்யும் ஆலை உண்டு என்று உறுதியானால் மட்டுமே வாங்க வேண்டும். வாங்கும்போது சிரிம் போன்ற அமைப்பின் சான்று உண்டா என நோக்க வேண்டும். பொலிஸ்டிரீன் தட்டும் ஆக்சோ வகைப் பையும் ஆலய வளாகத்திற்குள் வராதிருத்தலே நலம்.

மட்குரக் குழி ஒன்று அமைப்பது இவற்றிற்கெல்லாம் துணையாகும். கியா பார்ம் சந்தையில் கழிக்கப்படும் கோசு இலையும், ஆலயத்தின் மலரும் இலையும், உலர்ந்த சருகும், சிறிது சாணமும் சேர்த்து, நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாத குவியலாக அமைத்தால், வெளியே குளிர் நிலவினும் அதன் நடுப்பகுதி 55 பாகைக்கு மேல் தானே சூடேறும். நுண்ணுயிர்களின் உழைப்பால் எழும் வெப்பம் அது. அவ்வெப்பம் நடுவில் மட்டும் சில வாரங்களே நிற்பதால் பி.எல்.ஏ. கோப்பைக்குப் போதாது, இலைக்கும் மலருக்கும் கூழ்த் தட்டுக்கும் போதும். மாலை கட்டும்போது நைலான் கயிற்றையும் மினுக்குத் தாளையும் விலக்கி, வாழைநாரையோ பருத்தி நூலையோ பயன்படுத்தினால், சுவாமிக்குச் சாத்திய மாலை முழுவதும் உரமாகும்.

தோட்டக்காரப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூடார விரிப்பு கிழிந்து பறப்பதற்கு முன்பே கழற்றி, மண் நீக்கி, சுருட்டி வைத்தால் அது மறுசுழற்சிக்குரிய மூலப்பொருள். மண்ணோடு கலந்து கிழிந்த பின்னர் அது வெறுங்குப்பை. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒருநாள் உழைப்பேயாகும்.

பக்தப் பெருமக்களே, அன்னதானத்தின் பயன் உண்டவர் வயிறு நிறைவதோடு முடிவதில்லை. அத்தட்டு ஓடையில் மிதந்து, கீழே ஆற்றங்கரையில் வாழும் ஒராங் அஸ்லி மக்களின் நீரையும், பெர்த்தாம் பள்ளத்தாக்கு உழவரின் நிலத்தையும் கெடுக்குமாயின், மேலே செய்த தருமம் கீழே குறைபட்டுப் போகும். அவ்வாறன்றி அது உரமாகி ஒரு செடியை வளர்க்குமாயின், அன்னதானம் மண்ணுக்கும் நிகழ்ந்ததாகும். அடுத்த திருவிழாவிற்கான கூட்டத்தில் அரிசி, காய்கறி பற்றிப் பேசும்போதே, தட்டு எங்கே போய்ச் சேரும் என்னும் வினாவும் எழட்டும். அதற்கு விடை சொல்லக்கூடிய பொருளையே ஆலயம் வாங்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மலை செழித்து, நீர் தெளிந்து, மக்கள் நலமுற வாழ்வாராக.